கரியணுவின் நான்கு கைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியோ இளங்கோவடிகளைப் பற்றியோ ஒரு சொற்பொழிவு நிகழ்வது வழக்கம். இவ்வாண்டு இரசாயனம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். நாமோ ரயில்வேயில் சரக்குப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. பத்தாம் வகுப்புத் தேறியதோடு எம் படிப்பு நின்றுவிட்டது. தந்தையார் மறைந்த பின் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போனோம். ஆகவே இது அறிஞர் ஒருவரின் உரையன்று. பள்ளிப் பாடநூல்களை நாற்பது வயதில் மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு படித்த ஒருவர், தாம் விளங்கிக்கொண்டதை அண்டை வீட்டாரிடம் சொல்வது போன்றது.

அப்படிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு சிறுமியே காரணம். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எம் பொறுப்பு. ஒருநாள் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "மாமா, பால் பையைத் தீயிலே காட்டினா உருகி ஒழுகுது. குக்கர் கைப்பிடி சூடேறினா உருகாம கருகுதே, ஏன்? ரெண்டும் பிளாஸ்டிக்தானே?" என்று கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறோம்" என்றோம். அந்த நாளை வருவதற்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

தாராவியில் வாழும் நமக்கு இக்கேள்வி அயலானதன்று. நம் பாட்டன்மாருள் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து, இங்கிருந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தவர்கள். அத்தொழிற்சாலைகள் பெரும்பாலும் இன்று இங்கு இல்லை; தோற்பைகளும் இடைவார்களும் தைக்கும் பட்டறைகளும் கடைகளுமே எஞ்சியுள்ளன. தோலுக்குப் பின் வந்த பெருந்தொழில் பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து, நொறுக்கி, உருக்கித் 'தானா' என்னும் மணிகளாக்கி விற்பது. பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பக்கம் போனவர்களுக்கு அதன் ஓசையும் நெடியும் தெரியும். தோல், பிளாஸ்டிக் இரண்டும் அடிப்படையில் ஒரே சரக்கு. இரண்டிற்கும் முதுகெலும்பு கரியணுதான் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

கரி என்றால் அடுப்புக்கரி நினைவுக்கு வரும். அதனுள் இருக்கும் அணுவைப் பாடநூல்கள் கார்பன் என்கின்றன. நாம் கரியணு என்றே சொல்வோம். அதன் நடுவே ஒரு கரு. அதைச் சுற்றி 6 எலெக்ட்ரான்கள். அவற்றுள் 2 உட்கூட்டில் அடங்கியவை. அவை எவர் வம்புக்கும் போவதில்லை. எஞ்சிய 4 வெளிக்கூட்டில் உள்ளன. வெளிக்கூட்டில் 8 நிறைந்தால்தான் கரியணுவுக்கு அமைதி. நான்கு இருக்கிறது, நான்கு குறைகிறது. இந்தக் குறையை எவ்வாறு நிரப்புவது?

உப்பில் உள்ள சோடியம் தன்னிடமுள்ள ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது. ஒருவருக்குக் கொடை, மற்றவருக்கு வரவு. கரியணுவால் அப்படிச் செய்ய இயலாது. நான்கையும் கொடுத்துவிடுவது மிகப் பெரிய செலவு. நான்கை வாங்கிக்கொள்வது தாங்க முடியாத கடன். ஆதலால் அது பகிர்ந்துகொள்கிறது. நம் சாலில் அறைகள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? இரண்டு அறைகளுக்கு நடுவே கொத்தனார் எழுப்பியது ஒரே ஒரு சுவர். ஆயினும் இந்த வீட்டார் அதைத் தம் சுவர் என்கின்றனர்; அந்த வீட்டாரும் தம் சுவர் என்கின்றனர். இருவர் கூற்றும் மெய்யே. அதுபோல ஓர் அணு ஓர் எலெக்ட்ரானையும், பக்கத்து அணு ஓர் எலெக்ட்ரானையும் நடுவில் வைக்கின்றன. அந்த இரண்டும் இரு வீட்டுக் கணக்கிலும் சேர்கின்றன. இதுவே சகப்பிணைப்பு. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிஸ் இதை விளக்கினார். இவ்வாறு நான்கு பக்கமும் நான்கு பொதுச் சுவர்கள் அமைந்தால் கரியணுவின் கணக்கு எட்டாகிவிடும்.

எலெக்ட்ரான் என்பது கண்டறியப்படுவதற்கு முன்பே, கரியணுவுக்கு நான்கு கைகள் என்பதை மட்டும் இரசாயனிகள் அறிந்துவிட்டனர். 1858ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே அதைக் கூறினர். கரியணுக்கள் தம்முள் கைகோத்துச் சங்கிலியாக நீளும் என்றும் இருவருமே கூறினர். ஒருவர் ஜெர்மானியரான கெக்குலே. இலண்டன் நகரில் இரவின் கடைசிப் பேருந்தில் போகையில், அணுக்கள் கைகோத்து ஆடுவது போல் அரைத்தூக்கத்தில் கண்டதாக அவரே பின்னாளில் சொன்னார். அக்காலப் பேருந்தைக் குதிரைகள் இழுத்தன. மாலை ஆறரை மணிக்குத் தாதரில் ரயிலேறும் நம்மவர்க்கு அத்தகைய காட்சி வாய்ப்பதரிது, நிற்கவே இடமில்லை.

மற்றவர் கூப்பர் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர். அவர் பாரிசில் ஓர் ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். தம் கட்டுரையைக் கழகத்தில் படிக்கச் செய்யுமாறு ஆசிரியரிடம் கொடுத்தார். அது தாமதமாயிற்று, அதற்குள் கெக்குலேயின் கட்டுரை அச்சேறிவிட்டது. கூப்பருக்கு விரைவிலேயே மனநலம் குன்றியது. 1892 வரை உயிரோடிருந்தும் அவர் மீண்டும் ஆய்வுக்குத் திரும்பவே இல்லை. இன்று நம் பிள்ளைகள் இரண்டு அணுக்களுக்கு நடுவே ஒரு கோடு இழுக்கிறார்களே, அவ்வாறு கோடிட்டுக் காட்டத் தொடங்கியவர் அவர்தாம். ஒரு தாள் ஒருவரின் மேசையில் சில வாரம் தங்கிவிட்டால் என்னவாகும் என்பதை அலுவலகத்தில் காலம் கழிக்கும் நாம் நன்கறிவோம். அதனால்தான் இக்கதை எம் நெஞ்சில் தங்கியது.

நான்கு கைகளும் தாளில் வரைவது போல் தட்டையாக நீட்டியிருப்பதில்லை. ஊர்ப்புறத்து நெருஞ்சி முள்ளை எண்ணிப் பாருங்கள். எப்படி எறிந்தாலும் ஒரு முனை மேல்நோக்கியே நிற்கும். நம் பாதம் அதற்குச் சாட்சி. கரியணுவின் கைகளும் ஒன்றிலிருந்து ஒன்று இயன்றவரை விலகி, நான்கு திசையில் அவ்வாறே நிற்கின்றன. 1874இல் இதைக் கூறிய ஹாலந்து நாட்டு வான்ட் ஹாஃபுக்கு அப்போது வயது 22.

கைகோக்கும் வேலையில் கரியணுவுக்கு நிகரில்லை. மண்ணில் நிறைந்த சிலிக்கானுக்கும் நான்கு கைகள் உண்டு. ஆனால் அது பெரிய அணு, தன்னினத்தை இறுகப் பற்றாது. ஆக்சிஜனைக் கண்டால் அதன் பக்கம் சாய்ந்து மணலாகிவிடும். கரியணுவோ சிறியது, தன்னினத்தையும் இறுகப் பற்றும், பிறரையும் பற்றும். ரயில் வண்டியில் ஒரு வேகனுக்கு முன்னும் பின்னும் இரண்டு கப்ளிங்குகளே உண்டு. நான்கு கப்ளிங்குகள் உள்ள வேகன்கள் இருந்தால் நேர் வண்டியாகவும், கிளை வண்டியாகவும், வளைய வண்டியாகவும் எத்தனை விதமாய்க் கோக்கலாம்! அவற்றிற்குப் பதிவேடு எழுதும் குமாஸ்தாவின் நிலையை மட்டும் எண்ணாதீர்கள்.

இச்சங்கிலியின் நீளம் என்ன செய்கிறது என்பதைத் தாய்மார்கள் தங்கள் அடுப்படியிலேயே காணலாம். ஒரே ஒரு கரியணு தன் நான்கு கைகளிலும் நான்கு ஹைட்ரஜனைப் பிடித்திருந்தால் அது மீத்தேன். குழாய் வழியே சில கட்டடங்களுக்கு வரும் எரிவாயு அதுவே. மூன்றும் நான்கும் கோத்தவை சிலிண்டரில் உள்ளவை. அழுத்தினால் நீர்மமாகும், திறந்தால் வாயுவாகும். ஏறத்தாழ 10 முதல் 16 வரை கோத்தால் மண்ணெண்ணெய். 20, 30 என்று நீண்டால் மெழுகுவத்தி. ஆயிரக்கணக்கில் நீண்டால் பால் பை. சரக்கு மாறவில்லை; கரியணுவும் ஹைட்ரஜனுமே எங்கும் உள்ளவை. சங்கிலி நீள நீள ஒன்றையொன்று தழுவும் பரப்புக் கூடுகிறது. வாயு நீர்மமாகி, நீர்மம் திண்மமாகிறது. இதைப் படித்த அன்று இரவு நாம் சமையற்கட்டில் நெடுநேரம் நின்று சிலிண்டரையும் மெழுகுவத்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டம்மையார் எம் உடல்நலம் பற்றிக் கவலையுற்றார்.

இனி, கரியணு பக்கத்து அணுவை ஒரு கையால் மட்டுமன்றி இரு கைகளாலும் பிடிக்க வல்லது. மூன்று கைகளாலும் பிடிக்கும். திருவிழாக்களில் முன்பு ஒளி வீசிய கார்பைடு விளக்கின் வாயு அத்தகையது. இரட்டைப் பிடி செய்யும் வேலையைத் தேங்காய் எண்ணெயில் காணலாம். மார்கழி, தை மாதக் காலையில் அது புட்டியில் உறைந்து நிற்கிறது. பக்கத்திலுள்ள கடலை எண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகளுள் பெரும்பாலானவை ஒற்றைப் பிடியால் ஆனவை; பாய்களை அடுக்கியது போல் நெருங்கிப் படுக்கும். கடலை எண்ணெயின் சங்கிலிகளிலோ நடுவே இரட்டைப் பிடி உண்டு. அவ்விடத்தில் சங்கிலி முழங்கால் மடிந்தது போல் கோணுகிறது. கோணியவை நெருங்கிப் படுக்குமா? ஆதலால் அது எளிதில் உறைவதில்லை.

இரட்டைப் பிடியில் ஒன்றை விடுவித்தால் அந்தக் கை வேறொருவரைப் பற்றலாம். எத்திலீன் என்னும் வாயுவில் இரண்டு கரியணுக்கள் இரட்டைப் பிடியில் உள்ளன. வாழைக்காயைப் பழுக்கச் செய்யும் வாயுவும் இதுவே. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃபாசெட், கிப்சன் என்னும் இருவர் இவ்வாயுவை மிகப் பெரும் அழுத்தத்தில் வைத்து வேறு ஏதோ ஆய்வு செய்தபோது, கலத்தின் உள்ளே மெழுகு போன்ற வெண்பொருள் படிந்திருந்தது. ஒவ்வோர் இணையும் ஒரு பிடியை விடுவித்து அடுத்த இணையைப் பற்ற, அந்த இணை அதற்கடுத்ததைப் பற்ற, வாயு முழு நீளச் சங்கிலியாகிவிட்டது. அதுவே பாலிதீன்.

இங்கே எம் அன்னையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எழுதப் படிக்க அறியாதவர். பிளாஸ்டிக் பிரிக்கும் கூடம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். வந்து குவியும் பங்காரில் ஒரு துண்டை எடுப்பார், நகத்தால் கீறுவார், நீரில் போட்டு மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்ப்பார், ஐயம் தீராவிடில் தீயில் காட்டி முகர்வார். "மெழுகுவத்தி வாடை வந்தா பாலி. மயிரு பொசுங்குற வாடை வந்தா நைலான். மூக்கைக் குத்துச்சுன்னா பி.வி.சி., அதைத் தனியா வையி ராசா" என்பார். எல்.டி., ஹெச்.டி., பி.பி. என்று அவர் பிரித்த மூட்டைகளில் முதலாளி குறை கண்டதில்லை.

பாடநூலைப் படித்தபோதுதான் அவர் மூக்கு எவ்வளவு பெரிய ஆசான் என்பது எமக்கு விளங்கியது. பாலிதீன் எரிந்தால் மெழுகுவத்தி வாடை வருவது ஏன்? இரண்டும் ஒரே சங்கிலி, நீளமே வேறு. நைலான் எரிந்தால் மயிர் வாடை ஏன்? இரண்டிலும் சங்கிலிக்கு நடுவே கரியணுவும் நைட்ரஜனும் ஒரே விதமாகக் கைகோத்துள்ளன. எல்.டி. மெல்லிய பையாகவும் ஹெச்.டி. கெட்டியான டப்பாவாகவும் இருப்பது ஏன்? முன்னதன் சங்கிலியில் கருவேல மரம் போல் கிளைகள் மிகுதி. நெருங்கி அடுக்க இயலாது. பின்னது பனைமரம் போல் கிளையற்றது. நெருங்கி அடுக்கி இறுகுகிறது. அவ்வாறு எளிய அழுத்தத்திலேயே நேராகக் கோக்கும் வழியை 1953இல் ஜெர்மனியின் ஜீக்லர் கண்டு, பத்தாண்டுகளுக்குப் பின் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இப்போது சிறுமியின் கேள்விக்கு வருவோம். பால் பையில் சங்கிலிகள் தனித்தனியே கிடக்கின்றன, கிண்ணத்தில் உள்ள இடியாப்பம் போல. சூடேறினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். ஆறினால் மீண்டும் இறுகும். அதனால்தான் அதை உருக்கித் தானாவாக்கி மறுபடியும் விற்கலாம். குக்கர் கைப்பிடி பேக்கலைட் என்னும் பொருள். 1907இல் பேக்லண்டு என்பவர் ஆக்கியது. அதில் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குக் கைகள் பிணைந்துள்ளன. நூல் வேறு, வலை வேறு. அது முழுவதும் ஒரே வலை. வழுக்கி ஓட எதுவும் தனியே இல்லை. சூடு மிகுந்தால் பிணைப்பே அறுந்து கருகும். நம் தொழிற்கூடங்களில் அதை எவரும் வாங்காததன் காரணம் இவ்வளவே. அன்னையார் அதை ஒரு சொல்லில் முடித்துவிடுவார்: "இது செத்தது."

தோலுக்கும் இக்கதை பொருந்தும். தோலின் சாரம் கொல்லஜன் என்னும் புரதம். அது கரியணுவும் நைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. அச்சங்கிலிகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. அதை அவிழ்த்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரன். தம் துணைவர் கோபிநாத் கர்த்தாவுடன், கங்காருவின் வால் தசைநாண் இழையை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் மூன்று புரிக் கயிறு போல் முறுக்கியுள்ளன என்று 1954இல் வெளியிட்டார். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிய சில ஆண்டுகளில் நிகழ்ந்த செயல் இது. தோலைப் பதனிடாமல் விட்டால் கிருமிகள் அக்கயிற்றைத் தின்றுவிடும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பொருளும் கரியணு வளையங்களால் ஆனதுதான். அது கயிறுகளுக்கு நடுவே புகுந்து பல இடங்களில் பற்றி, நூலை வலையாக்குகிறது. தோல் அழுகாது, சுருங்காது, நெடுநாள் உழைக்கும். நம் பாட்டன்மார் தொட்டியருகே நின்று செய்த வேலை இது. அவர்களுக்குப் பெயர் தெரியாது, பக்குவம் தெரியும்.

இனிச் சொல்வது சற்றுக் கசப்பானது.

எமக்குப் பத்து வயதிருக்கும்போது, மாலை வேளைகளில் சந்தின் கோடியில் பழைய மின்கம்பிகளை எரிப்பார்கள். மேலுறை எரிந்துபோனால் உள்ளே செம்பு. நாங்களும் பொறுக்கி வந்து எரிப்போம். கிடைத்த காசில் வடாபாவ் தின்போம். அத்தீயில் ஓர் அழகு உண்டு. நடுநடுவே பச்சை நிறமாக எரியும். பச்சைத் தீயைக் காண்பதற்கென்றே சிறுவர்கள் சூழ்ந்து நிற்போம். அன்னையார் ஓடி வந்து, "மூக்கைக் குத்துறது நெஞ்சைக் கிழிக்கும்லே, இங்கிட்டு வா" என்று இழுத்துச் செல்வார். ஆனால் அவரே கூடத்தில் நாள்தோறும் அந்த நெடியை முகர்ந்து முகர்ந்துதான் பிரித்தார்.

அக்கம்பியின் உறை பி.வி.சி. பாலிதீன் சங்கிலியைப் போன்றதே; ஆனால் ஒன்றுவிட்டு ஒரு கரியணுவில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் குளோரின் அமர்ந்துள்ளது. தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரினே. சூடேறியதும் குளோரின் தன் கையை விடுவித்து, ஹைட்ரஜன் ஒன்றை இழுத்துக்கொண்டு வெளியேறும். தொண்டையின் ஈரத்தில் பட்டதும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிப்பறை கழுவக் கடையில் வாங்கும் ஆசிட்டின் இனம். பச்சைத் தீ என்பது செம்பும் குளோரினும் சேர்ந்ததன் அடையாளம். பள்ளிச் சோதனைச்சாலையில் குளோரினைக் கண்டறிய அவ்வழியையே கையாள்கிறார்கள். அரைகுறையாக எரியும் அத்தீயில் கரியணு வளையங்களோடு குளோரின் பிணைந்து டயாக்சின் என்னும் நஞ்சுகளும் உண்டாகின்றன. செம்பு அதை விரைவாக்குகிறது. கரியணுவும் குளோரினும் அங்கே கோத்த கையை உடல் எளிதில் அறுக்க முடியாது. கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் நிற்கும். கரியணுவின் உறுதி பால் பைக்கு நன்மை. இங்கே அதுவே தீமை.

அன்னையார் 2011இல் மறைந்தார். கடைசி மூன்று ஆண்டுகள் மூச்சிரைப்பு. எவ்வெப் புகையில் வேலை செய்தார் என்று மருத்துவர் கேட்டார், நாம் சொன்னோம். மண்ணெண்ணெய் அடுப்பு, சந்துப் புழுதி, கூடத்து நெடி என்று பலவும் இருந்தன. எதனால் என்று அவர் உறுதி கூறவில்லை. நாமும் இன்று கூறவில்லை. ஆனால் அந்த மூக்கு அறிந்திருந்ததைத் தாளில் எழுதி அவருக்குப் படித்துக் காட்ட நாம் பத்தாண்டு பிந்திவிட்டோம்.

கம்பி எரிப்பது நம் சந்துகளில் இன்னும் முற்றிலும் நின்றபாடில்லை. இதைச் செய்பவர்கள் நம் பிள்ளைகளே. அவர்களைத் திட்டிப் பயனில்லை. எரித்தால் சில நிமிடம், சீவினால் அரைநாள். கூலி கணக்குப் பார்த்துத்தான் எரிக்கிறார்கள். சீவிய செம்பு கருகாமல் பளபளப்பாக இருப்பதால் கூடுதல் விலை உண்டு என்பதும் மெய். சங்கத்தின் செலவில் கையால் சுழற்றும் கம்பி சீவும் எந்திரம் ஒன்றைப் போன மாதம் வாங்கி நூலக அறையில் வைத்திருக்கிறோம். இதுவரை மூன்று பேர் எடுத்துச் சென்றனர். ஒருவர் மெல்லிய கம்பிக்கு ஆகாது என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. தடித்த கம்பிக்கு நன்றாக வருகிறது. வேண்டுவோர் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம், வாடகை இல்லை.

கேள்வி கேட்ட சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஊறவைத்த கொண்டைக்கடலையை அணுவாகவும் ஈர்க்குச்சியைக் கையாகவும் வைத்து மீத்தேன், எத்திலீன், பாலிதீன் எல்லாம் செய்து பக்கத்து அறையில் மேசைமீது வைத்திருக்கிறாள். பந்திக்குப் போகும் வழியில் பார்த்துச் செல்லுங்கள். கடலையைத் தின்றுவிட வேண்டாம் என்று தம்பிமார்களுக்குச் சொல்லச் சொன்னாள்.